முடிந்தது வேறு, தீர்ந்தது வேறு: 'தீர்' என்ற சொல்லைப் புரிந்து எழுத ஒரு முழு வழிகாட்டி

வண்டிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அடமானப் பதிவை நீக்குவதற்கான தாளை வாங்கலாம் என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "தவணை எல்லாம் முடிஞ்சிருச்சு சார், ஆனா கடன் இன்னும் தீரலை" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் தவணை திரும்பிப் போனதற்கான அபராதம் சில நூறு ரூபாய் பாக்கி நின்றதாம். அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எரிச்சலோடு கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பேருந்தில் வரும்போதுதான் அவர் பேசிய வாக்கியம் மனதில் ஓடியது. முடிந்தது தவணை, தீராதது கடன். இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: 'தவணை தீர்ந்தது, கடன் முடிந்தது'. ஏதோ இடறுகிறது. அவர் யோசித்துச் சொல்லவில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வாயில் தானாக வருகிறது. எழுத உட்கார்ந்தால்தான் தடுமாற்றம். 'முடி', 'தீர்', 'தீர்வு', 'தீர்ப்பு', 'தீர்மானம்' எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து எழுதிவிடுகிறோம். அந்தக் குவியலைப் படிப்படியாகப் பிரித்து அடுக்குவதுதான் இங்கே வேலை.

முதல் படி: அடிப் பொருளைப் பிடியுங்கள்

'தீர்' என்றால் முடிதல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தொல்காப்பியம் உரியியலில் வேறு மாதிரி சொல்கிறது: "தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட் டாகும்." அதாவது தீர்தல் என்றால் விடுதல், நீங்குதல். முடிதல் என்பது அதிலிருந்து வந்த பொருள்.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. 'மழை விட்டது', 'காய்ச்சல் விட்டது', 'பள்ளிக்கூடம் விட்டாச்சு' என்று இன்றும் சொல்கிறோமே, அங்கெல்லாம் விடுதல்தான் முடிதலாக நிற்கிறது. தீர்தலும் அதே வழியில் வந்த சொல்.

பழைய பொருள் பளிச்சென்று தெரியும் இடம் ஒரு குறள் (612):

வினைக்கண் வினைகெடல் ஓம்பல் வினைக்குறை
தீர்ந்தாரின் தீர்ந்தன்று உலகு

இன்றைய காதோடு படித்தால் 'வினைக்குறை தீர்ந்தார்' என்பது வேலையின் குறையைத் தீர்த்து முடித்த நல்லவர் போல ஒலிக்கும். பொருள் நேர் எதிர். செய்ய வேண்டிய வேலையைக் குறையாக விட்டுவிட்டவரை உலகமும் விட்டுவிடும் என்கிறார் வள்ளுவர். 'தீர்ந்தன்று' என்பதும் மறுப்பு இல்லை, 'தீர்ந்தது' என்பதன் பழைய வடிவம். முடிக்காமல் போனவனைச் சொல்லத் 'தீர்ந்தார்' என்ற சொல் வருகிறதென்றால், அதன் உள்ளே இருப்பது 'விட்டார்' என்பதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. 'முடி' என்னும்போது நம் கண் அந்தப் பொருளின் மேல் இருக்கிறது: அது தன் கடைசி எல்லையைத் தொட்டுவிட்டது. 'தீர்' என்னும்போது அந்தப் பொருள் யாரையோ, எதையோ விட்டு நீங்குகிறது. டப்பாவை விட்டு அரிசி, உடம்பை விட்டு நோய், தலையை விட்டுக் கடன். தீர்வதற்கு எப்போதும் ஓர் இடம் வேண்டும், வெளியில் சொல்லாவிட்டாலும்.

இரண்டாம் படி: பாக்கி கேட்டுப் பாருங்கள்

எந்தச் சொல் வரும் என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: 'இன்னும் எவ்வளவு பாக்கி?' என்று கேட்க முடிகிறதா? முடிந்தால் பெரும்பாலும் 'தீர்'. 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் 'முடி'.

கல்யாண வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்வோம். "சாப்பாடு முடிந்தது" என்றால் எல்லோரும் உண்டு கை கழுவிவிட்டார்கள், நல்ல செய்தி. "சாப்பாடு தீர்ந்தது" என்றால் பெண் வீட்டார் முகத்தில் ஈயாடாது. இரண்டே எழுத்து வேறுபாடுதான்.

லீவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. "லீவு முடிந்தது" என்று சொல்பவர் நாளை அலுவலகம் போகிறார். "லீவு தீர்ந்தது" என்று சொல்பவருக்கு இனி இந்த வருடம் எடுக்க நாளே இல்லை. முதலாமவர் பேசுவது ஒரு காலத்தை, இரண்டாமவர் பேசுவது ஒரு கையிருப்பை. ஒரே சொல்லை நாம் நீளமாகப் பார்க்கிறோமா, இருப்பாகப் பார்க்கிறோமா என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

படம், பாட்டு, தேர்வு, கூட்டம், பயணம், மாதம் ஆகியவற்றுக்கு நீளம் உண்டு, இருப்பு இல்லை. அவை முடியும், தீராது. அரிசி, எண்ணெய், சிலிண்டர், பேனா மை, கைச்செலவுப் பணம் இவை தீரும். சண்டை முடியும், பகை தீரும். சண்டை முடிந்த பிறகும் பகை பாக்கி இருக்கலாம் என்பது குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும்.

பேச்சில் இந்தக் கோடு கொஞ்சம் அழியும். டீக்கடையில் "பஜ்ஜி முடிஞ்சிருச்சுங்க" என்கிறார்கள், "பஜ்ஜி காலி" என்கிறார்கள். அதைத் தவறு என்று திருத்தப் போக வேண்டாம். எழுதும்போது இருப்புக்குத் 'தீர்' என்று வைத்துக்கொண்டால் வாசகருக்கு ஒரு நொடிக் குழப்பம்கூட வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 'தீர்ந்தது' என்ற சொல்லைச் சமையலறையில் சொல்லவே கூடாது என்று இருந்த வீடுகள் உண்டு. என் பாட்டி அரிசிப் பானை காலியானால் "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்பார். புதிதாக வந்த மருமகள்கள் குழம்பிப் போவார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது போல, நீங்கிப் போவதைச் சொல்லும் சொல்லை அரிசிக்குப் பக்கத்தில் வைக்க அவருக்கு மனமில்லை. அவர் தொல்காப்பியம் படித்ததில்லை. ஆனால் விடற்பொருள் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் படி: தானாகத் தீர்வதையும் ஆள் தீர்ப்பதையும் பிரியுங்கள்

எழுத்துப் பிழைகளில் பாதி இங்கேதான். தானாக நடந்தால்: தீர்கிறது, தீர்ந்தது, தீரும், தீர்ந்து, தீர. ஒருவர் செய்தால்: தீர்க்கிறார், தீர்த்தார், தீர்ப்பார், தீர்த்து, தீர்க்க.

'பசி தீர்க்கிறது' என்று எழுதினால் பசி வேறு எதையோ தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருளாகும். பசி தீர்கிறது, சோறு பசியைத் தீர்க்கிறது. 'ஐ' உருபு வருகிறதா என்று பாருங்கள். பசியை, கடனை, சிக்கலை என்று வந்தால் வல்லினம் இரட்டித்த வடிவம்: தீர்த்தான், தீர்க்கிறான். வராவிட்டால் தீர்ந்தது, தீர்கிறது.

இரண்டையும் ஒரே மூச்சில் வைத்துக் காட்டுகிறது அப்பர் தேவாரம். புள்ளிருக்குவேளூர், இன்றைய வைத்தீஸ்வரன் கோயில், அங்கே உறையும் இறைவனைத் "தீராநோய் தீர்த்தருள வல்லான்" என்கிறார். நோய் தானாகத் தீராது, அவன் தீர்ப்பான். தன்வினைக்கும் பிறவினைக்கும் இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நான்காம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

'தீர்' தனியாக வாழவில்லை. பசி, தாகம், கோபம், நோய், கடன், சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வினைகள் போட்டியிடுகின்றன.

தாகம் தணியலாம், தீரலாம். தணிந்தது என்றால் குறைந்தது. தீர்ந்தது என்றால் மிச்சமில்லை. மாத்திரை போட்டுக் காய்ச்சல் தணிந்தவர் மறுநாள் மீண்டும் படுக்கலாம். மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'சர்க்கரை நோயைத் தீர்க்கும் கஷாயம்' என்று துண்டுச் சீட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வினைச்சொல் மேல்தான் கோபம் வருகிறது. கட்டுக்குள் வைப்பது வேறு, தீர்ப்பது வேறு.

கோபம் தணியும், ஆறும். ஆனால் 'கோபத்தைத் தீர்த்துக்கொண்டார்' என்றால் கதை மாறுகிறது. அவர் கோபம் போய்விட்டது, சரி. ஆனால் அது எங்கே போனது? யார் மேலாவது இறங்கியிருக்கிறது. 'அலுவலகக் கோபத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டார்' என்பதில் வீட்டில் இருப்பவர்கள் பாவம். ஆக, 'தீர்த்துக்கொள்' என்று எழுதும்முன் அதைத் தாங்கியது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன்' என்பதில் அந்தத் தொல்லை இல்லை.

கடனுக்கு மூன்று வினைகள்: கட்டுதல், அடைத்தல், தீர்த்தல். தவணையைக் கட்டுகிறோம். மொத்தத்தையும் கொடுத்துக் கடனை அடைக்கிறோம். எந்தப் பாக்கியும், எந்தத் தாளும் அந்தப் பக்கம் நிற்காதபோது கடன் தீர்கிறது. இந்த நுட்பத்துக்குப் பண மதிப்பும் உண்டு. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் சொத்தின் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அது அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 நாள் கணக்கு கடைசித் தவணை முடிந்த நாளிலிருந்து தானாக ஓடாது, கடன் முழுதும் தீர்ந்த நாளிலிருந்துதான். என் அபராதக் கதை போல சில நூறு ரூபாய் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கே தொடங்காது. கடிதம் எழுதும்போது 'தவணைக்காலம் முடிந்தது' என்று மட்டும் எழுதாமல், 'கடன் முழுதும் தீர்ந்தது என்பதற்குச் சான்று தருக' என்று கேளுங்கள். வண்டிக் கடன் என்றால் அதோடு படிவம் 35-ஐயும் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அடமானப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: 'தீர' என்ற எச்சத்தைக் கையாளுங்கள்

'ஆசை தீரப் பார்த்தேன்', 'பசி தீர உண்டார்', 'ஆத்திரம் தீர அழுதாள்'. எல்லாவற்றிலும் ஒரு பெயரும் 'தீர'வும் சேர்ந்து எவ்வளவு என்ற அளவைச் சொல்கின்றன. எதுவரை பார்த்தேன்? ஆசை என்னை விட்டுப் போகும்வரை.

பெயரே இல்லாமல் தனித்தும் வரும். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற பழமொழியில் எது தீர என்று சொல்லவில்லை. சந்தேகம் தீர என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். 'முழுமையாக விசாரித்து', 'ஆழமாக விசாரணை செய்து' என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதுவதை இந்த ஒரு சொல் செய்துவிடும். இன்றைய செய்தி நடையில் இதைக் காணவே முடிவதில்லை என்பது என் குறை.

ஆறாம் படி: துணைவினையாக வரும்போது இரண்டு முகம்

வேறொரு வினைக்குப் பின்னால் வந்தால் 'தீர்' இரண்டு விதமாக வேலை செய்யும்.

ஒன்று, இனி பாக்கி இல்லை என்னும் அளவுக்கு ஒன்றைச் செய்தல்: திட்டித் தீர்த்தார், அழுது தீர்த்தாள், தின்று தீர்த்தான், புகழ்ந்து தீர்த்தார்கள். இங்கே லேசான மிகை உண்டு, பேசுகிறவரின் சலிப்போ கிண்டலோ ஒட்டியிருக்கும். "மேடையில் தலைவரைப் புகழ்ந்து தீர்த்தார்கள்" என்று எழுதிய செய்தியாளர் அந்தப் புகழ்ச்சியை ரசிக்கவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடும். நடுநிலையாக எழுத வேண்டிய இடத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

மற்றொன்று, முதல் வினையை வழியாகக் கொண்டு ஒரு சிக்கலை நீக்குதல்: 'பேசித் தீர்த்தார்கள்'. இதில் பொருள் மயக்கம் வரும். மாமியாரும் மருமகளும் நேற்று ராத்திரி பேசித் தீர்த்தார்கள் என்றால் சமாதானம் ஆனார்களா, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்களா? 'எதை' என்று சொல்லிவிட்டால் மயக்கம் போய்விடும். பிரச்சினையைப் பேசித் தீர்த்தார்கள் என்று எழுதுங்கள்.

இப்படிப் பேசித் தீர்ப்பதற்கென்றே சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் முடிவுக்கு, சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உள்ள மதிப்பு உண்டு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அங்கே வழக்கு முடிவதும் சிக்கல் தீர்வதும் ஒரே நாளில் நடக்க வாய்ப்பிருக்கிறது. மற்ற இடங்களில் அப்படி இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

'தீர்த்துக்கட்டு' என்ற கூட்டுவினையைச் சொல்ல மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் எப்படியோ, இன்று அது கொலையை மட்டுமே குறிக்கிறது. 'நிலுவைக் கோப்புகளைத் தீர்த்துக்கட்டினோம்' என்று ஓர் ஆண்டறிக்கையில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். 'கணக்குத் தீர்த்தான்' என்பதும் ஓரளவு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மளிகைக் கடையில் கணக்குத் தீர்ப்பது நல்ல பழக்கம். அதுவே செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் வந்தால் போலீஸ் வரும்.

ஏழாம் படி: '-ஏ தீரும்'

தமிழில் மிக அழுத்தமான உறுதிமொழி இந்த வடிவில்தான் இருக்கிறது. செய்தே தீருவேன், நடந்தே தீரும், கட்டியே தீர வேண்டும். சுயராஜ்யம் எனது பிறப்புரிமை, அதை அடைந்தே தீருவேன் என்று திலகரின் முழக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர்கள் சரியான வினையைப் பிடித்திருக்கிறார்கள். 'அடைவேன்' என்பது ஆசை. 'கட்டாயம் அடைவேன்' என்பது வாக்குறுதி. 'அடைந்தே தீருவேன்' என்றால் அதுவரை ஓய்வதாக இல்லை.

செய்முறை எளிது. இறந்தகால எச்சம், அதோடு ஏகாரம், பிறகு 'தீர்'. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்கிறவர் நாமே என்றாலும் இங்கே தன்வினைதான் வரும். 'செய்தே தீர்ப்பேன்' என்று எழுதினால் வடிவம் உடைந்துவிடும். தீர்வேன், தீருவேன் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. கட்டுரையில் முன்னதும் பேச்சில் பின்னதும் அதிகம். ஏகாரத்தை விட்டுவிட்டால் அழுத்தம் முழுவதும் போய்விடும்: 'செய்து தீர்வேன்' என்று யாரும் சொல்வதில்லை.

இது உப்பு மாதிரி, அளவோடு போட வேண்டும். ஒரே அறிக்கையில் நான்கு முறை 'செய்தே தீருவோம்' வந்தால் எதுவும் நடக்காது என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

எட்டாம் படி: குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வேரிலிருந்து கிளைத்த பெயர்ச்சொற்கள்தான் அலுவலகத் தமிழின் முதுகெலும்பு. குழப்பமும் இங்கேதான் கூடுதல்.

தீர்வு என்பது சிக்கல் நீங்குதல். தீர்ப்பு என்பது அதிகாரம் உள்ள ஒருவர் சொல்லும் முடிவு. தன்வினையிலிருந்து வந்தது தீர்வு, பிறவினையிலிருந்து வந்தது தீர்ப்பு. மூன்றாம் படியில் பார்த்த அதே வேறுபாடு பெயர்ச்சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் தீர்ப்பார், ஆனால் தீருமா என்பது தனிக் கேள்வி.

காவிரியைப் பாருங்கள். நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. பேரிலேயே 'இறுதி' இருந்தது. அது அரசிதழில் வெளியாக 2013 ஆயிற்று. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்து இன்னொரு தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் மழை குறைந்த வருடங்களில் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வழக்கு முடிந்தது, தீர்ப்பு வந்தது, தீர்வு வரவில்லை என்று மூன்று சொல்லையும் மூன்று இடத்தில் வைத்து எழுத முடிகிறதே, அதற்காகவாவது இவற்றைக் கலக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பாயம் என்பது தீர்ப்புச் சொல்லும் அமைப்பு. 2010-இல் அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இதோடு தீர்வாயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்கு அரசு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் வருவாய்த் தீர்வாயம். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்துத் தீர்ப்பது அது. மனு கொடுக்க வரும் மக்கள் ஜமாபந்தி என்றே சொல்கிறார்கள். பதாகையில் மட்டும் தீர்வாயம். என்றாலும் நல்ல ஆக்கம் என்றே நினைக்கிறேன்.

தீர்வை என்பது வரி. செலுத்தித் தீர்க்க வேண்டிய தொகை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. உங்கள் வீட்டுச் சிட்டாவை எடுத்துப் பார்த்தால், பரப்புக்குப் பக்கத்தில் 'தீர்வை' என்று ஒரு கட்டமும் அதில் ரூபாய், பைசாவில் சிறு தொகையும் இருக்கும். பயிரிடாத நிலத்தைத் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று வருவாய்க் கணக்கு பிரிக்கிறது. மதுவிலக்கோடு சேர்ந்து ஆயத்தீர்வை என்று தமிழக அரசுத் துறையின் பெயரிலும் உண்டு. மற்றபடி தமிழ்நாட்டில் 'வரி' என்ற சொல் இதை ஓரங்கட்டிவிட்டது. இலங்கைத் தமிழில் அப்படி இல்லை. இறக்குமதித் தீர்வை, தீர்வையற்ற கடை என்று நாள்தோறும் புழங்குகிறது.

தீர்மானம் என்பது கூடி முடிவெடுத்துப் பதிவு செய்வது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது தீர்மானம். அதைத் தீர்ப்பு என்றோ தீர்வு என்றோ சொல்ல முடியாது. பரதம் கற்றவர்களுக்கு இதே சொல் வேறொரு விதமாகத் தெரிந்திருக்கும். ஜதிக் கோவையை முத்தாய்ப்பாக முடித்துக் கொடுப்பது தீர்மானம். தீர்மான அடவு என்றே ஓர் அடவு வகை உண்டு. 'கிடதகதரிகிடதொம்' என்று கால் தட்டி நிற்கும்போது, அந்தச் சொல்லின் பொருள் உடம்பில் தெரியும்.

இனி எதிர்மறை. 'தீராத' என்றால் எவ்வளவு போனாலும் குறையாத, விட்டு நீங்காத. பாரதியின் "தீராத விளையாட்டுப் பிள்ளை" கண்ணனுக்கு விளையாட்டு நேரத்தால் நீள்வதில்லை, கையிருப்பாக இருந்துகொண்டே இருக்கிறது. அடுத்த அடியிலேயே "ஓயாத தொல்லை" என்று வருகிறது. தொல்லை இடைவெளியில்லாமல் நடப்பது, அதற்கு 'ஓயாத'. வானத்துக்கு 'முடிவில்லாத' பொருந்தும். 'தீராத வானம்' என்று எழுதினால் கவிதையாகத் தப்பிக்கலாம், கட்டுரையில் முடியாது.

ஒன்பதாம் படி: முகஜாடை மட்டும் உள்ள சொற்களை ஒதுக்குங்கள்

தீர்த்தம், தீர்க்கம், தீரம், தீரன் ஆகியவை இந்தக் குடும்பம் இல்லை. நான்கும் வடமொழியிலிருந்து வந்தவை. 'பாவம் தீர்ப்பதால் தீர்த்தம்' என்று உபன்யாசத்தில் கேட்க நன்றாக இருக்கும், சொல் வரலாறு அப்படி இல்லை. நதிதீரத்தில் இருப்பது கரை. தீரன் சின்னமலையின் தீரன் துணிவுள்ளவன். தீர்க்கம் என்றால் நீளம். தீர்க்காயுள், தீர்க்கதரிசி எல்லாம் அதிலிருந்து வந்தவை. 'தீர்க்க சுமங்கலி' என்ற வாழ்த்தைத் தமிழ் எச்சமாகப் பிரித்துப் படித்துவிடாதீர்கள், வாழ்த்து விபரீதமாகிவிடும்.

தேர் என்ற வினையும் தட்டச்சில் அடிக்கடி வந்து கலக்கும். தேர்வு எழுதுகிறோம், தீர்வு காண்கிறோம். ஒரு சுழி இடம் மாறினால் 'நீட் தீர்வு' வந்துவிடும்.

பத்தாம் படி: ஒற்று

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம், நான்கு வகை தெரிந்தால் போதும். இகரத்தில் முடியும் எச்சத்துக்குப் பின் ஒற்று மிகும்: பேசித் தீர்த்தார், திட்டித் தீர்த்தார். 'த்து', 'ட்டு' போல வல்லினம் இரட்டித்து முடிந்தாலும் மிகும்: படித்துத் தீர்த்தேன், கேட்டுத் தீர்த்தேன், தீர்த்துக் கட்டு. 'ந்து', 'ய்து', 'ழுது', 'ன்று' என முடிந்தால் மிகாது: புகழ்ந்து தீர்த்தார், செய்து தீர்த்தார், அழுது தீர்த்தார், தீர்ந்து போனது. 'தீர' என்பதற்குப் பின் மிகும்: ஆசை தீரப் பேசினோம். தீராத பசியில் மிகாது. அந்தத் 'த' உதிர்ந்து தீராப் பசி ஆனால் மிகும்.

பதினோராம் படி: ஒரு அறிவிப்பைத் திருத்திப் பார்க்கலாம்

குடியிருப்புச் சங்கத்தில் ஒட்டக்கூடிய மாதிரி அறிவிப்பு ஒன்று:

"ஆறு மாதமாக இருந்த தண்ணீர்ப் பிரச்சினை முடிந்தது. சந்தா தீராதவர்கள் இம்மாதத்துக்குள் கட்டி தீர்ப்பார்கள். பொதுக்குழுவின் தீர்ப்புப்படி புதிய மோட்டார் வாங்கப்படும். ஆண்டுக் கூட்டம் மாலை 6 மணிக்குத் தீரும்."

முதல் வாக்கியத்தில் பிரச்சினை உண்மையிலேயே நீங்கியிருந்தால் 'தீர்ந்தது'. லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்திருந்தால் 'தற்போதைக்குச் சமாளித்திருக்கிறோம்' என்று எழுதுவதுதான் நேர்மை. இரண்டாவதில் சந்தா தீராதவர்கள் என்று யாரும் இல்லை, சந்தா கட்டாதவர்கள்தான் உண்டு. 'கட்டி தீர்ப்பார்கள்' என்பதில் ஒற்றும் இல்லை, பொருளும் இல்லை. மென்மையாகச் சொல்ல 'கட்டிவிட வேண்டும்', கண்டிப்பாகச் சொல்ல 'கட்டியே தீர வேண்டும்'. பொதுக்குழு நீதிமன்றம் இல்லை என்பதால் மூன்றாவதில் 'தீர்மானப்படி'. நான்காவதில் கூட்டத்துக்கு நீளம்தான் உண்டு, இருப்பு இல்லை; ஆகவே 'மாலை 6 மணிக்கு முடியும்'. இலக்கணப்படி இது சரி. எங்கள் குடியிருப்பில் எந்தக் கூட்டமும் ஆறு மணிக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.